வெளியூருக்கு டிரைவரோடு கார் எடுக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் ஒரு சிறிய டிராவல்ஸில் போன் எடுப்பதும் வண்டி அனுப்புவதும் என் வேலை. மதுரைக்கு, கோவைக்கு, திருப்பதிக்கு என்று கேட்டு வருகிற அழைப்புகளில் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் தமிழ்நாட்டில் இப்போது பரவலாகச் சொல்லப்படும் விலையை ஒட்டியது. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு ரூபாய் மாறும்.

வெளியூர் போக கார் வேணும். போன்ல என்னென்ன சொல்லணும்?

எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்பி வருகிறீர்களா இல்லையா, எத்தனை பேர், எத்தனை பெட்டி. இந்த ஆறும் போதும். கைக்குழந்தையையும் ஒரு ஆளாகச் சொல்லுங்கள். வழியில் எங்காவது அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "போகும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டதுதான் பிறகு பில் வரும்போது சண்டையாகிறது.

பேசி முடித்ததும், பேசியதை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிலோமீட்டர் விலை, குறைந்தபட்ச கிலோமீட்டர், பேட்டா (டிரைவருக்கான நாள்படி), டோல் யார் கணக்கு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.

ஒன்வேயா, ரவுண்ட் டிரிப்பா? எது லாபம்?

இதற்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். நான்கு பேர் போகும் செடான் வண்டிக்கு ஒன்வே கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 6,440, டிரைவர் பேட்டா 400 சேர்த்து 6,840. போய்வர இரண்டு ஒன்வே எடுத்தால் 13,680. ரவுண்ட் டிரிப்பில் கிலோமீட்டர் விலை கொஞ்சம் குறைவு, 13 என்று வையுங்கள். போய்வர 920 கிலோமீட்டருக்கு 11,960, அதோடு ஒவ்வொரு நாளுக்கும் பேட்டா. டோல் இரண்டிலும் தனி.

ரவுண்ட் டிரிப்பில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. மதுரையில் தங்கி மூன்றாம் நாள் திரும்பினால் 750தான். நீங்கள் ஓடியது அதைவிட அதிகம், அதனால் ஓடியதற்கு மட்டும் காசு. நான்கு நாள் ஆனால் 1,000 கிலோமீட்டருக்குக் கொடுக்க வேண்டும், பேட்டாவும் நான்கு. அப்போது இரண்டு ஒன்வேயே மலிவு. பக்கத்து ஊர் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. வேலூர் 140 கிலோமீட்டர்தான். ஒரு ராத்திரி தங்கிவர ரவுண்ட் டிரிப் எடுத்தால் 500 கிலோமீட்டருக்கும் இரண்டு பேட்டாவுக்கும் சேர்த்து 7,300 ஆகிவிடும். இரண்டு ஒன்வே 4,720தான். சுருக்கமாக, தூரம் அதிகம், தங்கும் நாள் குறைவு என்றால் ரவுண்ட் டிரிப். தூரம் குறைவு, தங்கும் நாள் அதிகம் என்றால் ஒன்வே. போன ஊரில் சுற்றிப் பார்க்கவும் வண்டி வேண்டுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாள் கணக்கில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிறைய கம்பெனிகளில் நாள் என்பது ராத்திரி 12 மணிக்கு மாறும். வெள்ளி ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு வந்தால் அது மூன்று நாள். 24 மணி நேரக் கணக்கா, தேதிக் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டருக்கு 14 ரூபாய்னுதான் சொன்னாங்க. கடைசியில பில் ரொம்ப ஏறிடுச்சே?

14 ரூபாய் என்பது வண்டி ஓடுவதற்கு மட்டும். அதன்மேல் டோல், பேட்டா, பார்க்கிங், வெளி மாநிலம் என்றால் பெர்மிட், மலை என்றால் ஹில்ஸ் சார்ஜ், காத்திருந்தால் மணிக்கு 100, 150 என்று வெயிட்டிங், இத்தனையும் ஏறும். ஜிஎஸ்டி சேர்த்த விலையா, தனியா என்பதையும் கேளுங்கள். ஒன்வேயிலும் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள். 90 கிலோமீட்டர் போனாலும் 130க்குத்தான் காசு.

இன்னொன்று, கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது. சிலர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்கு வைப்பார்கள். சிலர் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை. அம்பத்தூரிலிருந்து வண்டி வந்து மேடவாக்கத்தில் உங்களை ஏற்றினால் அந்தத் தூரமும் உங்கள் தலையில். ஷெட் கணக்கு தப்பில்லை, ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் ஏறியதும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுங்கள், இறங்கும்போது ஒன்று. டிரைவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவரே டிரிப் ஷீட்டில் அதைத்தான் எழுதுகிறார்.

டோல் மொத்தம் எவ்வளவு ஆகும்? யார் கட்டணும்?

பெரும்பாலும் நீங்கள்தான். சென்னை–மதுரை வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள் வரும். இங்கே தொகை எழுதினால் சீக்கிரமே பழசாகிவிடும். தமிழ்நாட்டில் ஒரு பகுதிச் சாவடிகளுக்கு ஏப்ரலிலும் மீதிக்குச் செப்டம்பரிலும் கட்டணம் மாறுகிறது. கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் வழியைப் போட்டால் உத்தேசத் தொகை தெரியும்.

ஃபாஸ்டேக்கில் கழிந்த எஸ்எம்எஸ் டிரைவர் அல்லது முதலாளி போனுக்கு வரும். அதைக் காட்டச் சொல்லிக் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் யுபிஐயில் கட்டினால், 2025 நவம்பர் 15 முதல் ஒன்றேகால் மடங்கு. அந்தக் கூடுதல் தொகை வண்டிக்காரர் கணக்கு, உங்களுடையது அல்ல. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியே திரும்பினால் போய்வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். அந்தக் கழிவு உங்களுக்கு வர வேண்டும்.

டிரைவர் பேட்டா குடுத்தாச்சு. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் நாங்க பார்க்கணுமா?

பேட்டா என்பதே அவருடைய சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும்தான். அதனால் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாங்கித் தந்தால் நல்லது, அவ்வளவே. ஆனால் பேட்டாவை முதலாளி பிடித்துக்கொண்டு டிரைவர் கைக்குப் போகாத இடங்களும் உண்டு. "பேட்டா டிரைவர்கிட்ட நேரா குடுக்கலாமா?" என்று புக் பண்ணும்போதே கேளுங்கள்.

தங்குவதுதான் முக்கியம். நீங்கள் ஏசி அறையில் தூங்க, அவர் காரின் முன் சீட்டைச் சாய்த்து, கொசுக்கடியில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் படுத்திருப்பார். மறுநாள் காலை அதே மனிதர் கையில்தான் உங்கள் குடும்பம் இருக்கிறது. லாட்ஜ் புக் பண்ணும்போது டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா, குளிக்க வசதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்கும் அறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. இருந்தும், விருந்தினர்கள் கேட்டால்தான் பல இடங்களில் கதவு திறக்கிறது.

தெரிஞ்சவர் ஒருத்தர் வெள்ளை போர்டுல கம்மியா வரேங்கிறார். போகலாமா?

வேண்டாம். வெள்ளை நம்பர் பலகை சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். மின்சார டாக்சி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம், வண்டியையும் பிடித்து வைக்கலாம். நடுவழியில் பெட்டியோடு நிற்பது நீங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். சொந்த வண்டிக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் பொருந்தாது என்றே எழுதியிருக்கும். விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்கு நீதிமன்றத்தில் அலைய வேண்டி வரும். "என் வண்டியில ஃபாஸ்டேக் வருஷ பாஸ் இருக்கு, டோலே கிடையாது" என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும் 2025 ஆகஸ்டில் வந்தது. அதைச் சொல்லும்போதே அது வாடகை வண்டி இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

நாங்க ஆறு பேர், பெட்டி அஞ்சு. எர்டிகா போதுமா?

உட்கார்ந்துவிடலாம், பெட்டிதான் உட்காராது. கடைசி வரிசை சீட்டை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு சின்னப் பைக்குத்தான் இடம். மேலே கேரியர் உள்ள வண்டி கேளுங்கள், அல்லது இன்னோவா எடுங்கள். மழைக்காலம் என்றால் கேரியருக்குத் தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்கவும்.

செடான் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது சிஎன்ஜி, அதாவது கேஸில் ஓடும் வண்டி. இப்போது டாக்சியாக ஓடும் டிசையர், ஆரா வண்டிகளில் நிறைய சிஎன்ஜிதான். டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய பெட்டி ஒன்றைப் படுக்க வைத்தால் மூடி மூடாது. ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஊருக்குப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். "டிக்கி முழுசா காலியா?" என்று கேட்டால் போதும். வழியில் கேஸ் போட வரிசையில் நிற்க வேண்டி வந்தால் அதற்கு வெயிட்டிங் போடக் கூடாது.

ராத்திரி கிளம்பினா ஒரு நாள் மிச்சமாகுமே? பதினோரு மணிக்கு வண்டி அனுப்புங்க.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் போனில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுவேன். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணிவரை நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம் அது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இழுக்கும். சாலை நேராக, காலியாக, நான்கு வழியாக இருப்பது அப்போது உதவாது, இன்னும் தாலாட்டும். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அந்த டிரைவர் பகலில் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒன்வே தொழில் நடப்பதே திரும்பும் சவாரியை நம்பித்தான். மதுரையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் டீசலும் டோலும் கைக்காசு. அதனால் காலை 6 மணிக்கு இறக்கிவிட்டு 8 மணிக்கே சென்னைக்கு ஆள் கிடைத்தால் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். அன்று ராத்திரி உங்கள் வீட்டு வாசலுக்கு வருவது அவராகவும் இருக்கலாம். 2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலைதான் என்றது. தனியாக ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவரிடம் அதைக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. நீங்கள் பேரம் பேசிக் குறைக்கும் 500 ரூபாயை அவர் பெரும்பாலும் தூக்கத்தில்தான் ஈடுகட்டுகிறார்.

விடியற்காலை 4:30, 5 மணிக்குக் கிளம்புங்கள். டிரைவர் ராத்திரி வீட்டில் படுத்து எழுந்து வருவார், செங்கல்பட்டு நெரிசலையும் தாண்டிவிடலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை. ராத்திரிதான் ஆக வேண்டும், சாவு வீடு, ஆஸ்பத்திரி என்றால் "பகல் முழுக்கத் தூங்கிய டிரைவர் வேண்டும்" என்று சொல்லுங்கள், அல்லது இரண்டு டிரைவர் கேளுங்கள். இன்னொரு பேட்டா கூடும், கொடுக்கலாம்.

டிரைவருக்குத் தூக்கம் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டா கோவிச்சுக்குவாரே?

வண்டி சாலைக் கோட்டிலிருந்து லேசாக விலகிச் சட்டென்று திரும்பும். ஸ்பீடு காரணமில்லாமல் ஏறி இறங்கும். பின்கழுத்தைத் தேய்ப்பார், கண்ணாடியை இறக்குவார், பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். ஏசி ஓடும்போது கண்ணாடி இறங்கினால் அதுவே பெரிய அடையாளம். "தூக்கம் வருதா?" என்று கேட்டால் எந்த டிரைவரும் இல்லை என்றுதான் சொல்வார், நீங்கள் ஆபீசுக்குப் புகார் சொல்லிவிடுவீர்கள் என்ற பயம். "அண்ணே, எங்களுக்கு ஒரு டீ குடிக்கணும் போல இருக்கு, நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். டீக்கடையில், "ஒரு இருபது நிமிஷம் சாய்ஞ்சுக்கங்க, நாங்க அவசரமில்ல" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகமே மாறும். டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுவது நல்லது. எழும்போது குட்டித் தூக்கமும் காபியும் சேர்ந்து வேலை செய்யும். இதற்கு வெயிட்டிங் போட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் பேச்சு தூக்கத்துக்கு மாற்று இல்லை. எல்லோரும், பின்னால் இருப்பவர்களும், பெல்ட் போடுங்கள். பின் சீட்டுக்கும் சட்டப்படி கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

வண்டி 80க்கு மேல போகவே மாட்டேங்குது. பழைய வண்டியை அனுப்பிட்டீங்களா?

இல்லை. மஞ்சள் போர்டு வண்டியில் 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். நேரக் கணக்கை அதற்குத் தகுந்த மாதிரி போடுங்கள். சொந்தக் காரில் ஏழு மணி நேரத்தில் போனேன் என்றால் டாக்சியில் எட்டு.

ஊட்டி, கொடைக்கானல் போறோம். ஏதாவது பாஸ் எடுக்கணுமா?

எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை. நீலகிரிப் பதிவெண் உள்ள டிஎன் 43 வண்டிக்கு ஊட்டிக்குத் தேவையில்லை. பாஸ் வண்டி நம்பரை வைத்துத்தான் வரும். அதனால் எந்த வண்டி வருகிறது என்று முந்தின நாளே நம்பர் வாங்குங்கள். கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பாஸும் புதிதாக எடுக்க வேண்டும். சீசனில் நாளுக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பு இருந்தால் அப்போது கிடைக்காமலும் போகலாம். யார் எடுப்பது, நீங்களா டிராவல்ஸா என்பதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

நீலகிரிக்குப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் எடுங்கள். ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்கள் ராத்திரி 9 மணிக்கு முன்னால் காட்டைக் கடந்துவிட வேண்டும். அதன்பின் காலை 6 மணிவரை வழி கிடையாது. மலைக்கு ஏற, மலையில் ஓட்டிப் பழகிய டிரைவர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரில் இறக்கத் தெரிந்தவர் வேண்டும். ஹில்ஸ் சார்ஜ் 300, 500 கேட்பது அதற்குத்தான்.

பெங்களூரு, கேரளா போனா பெர்மிட் காசு தனியாமே?

பெரும்பாலும் தனி. மேலே பில் பற்றிச் சொன்னதில் இதுதான் ஆளுக்கு ஆள் அதிகம் மாறும். தொகை மாநிலத்துக்கும் வண்டியின் சீட்டுக்கும் தகுந்தபடி வரும். ஆன்லைனிலேயே முன்கூட்டிக் கட்டலாம். ரசீதில் வண்டி நம்பரும் தேதியும் இருக்கும், அதைக் காட்டச் சொல்லிப் பணம் கொடுங்கள். ஒரே பெர்மிட் ஏழு நாளுக்கு எடுத்து, அதே வாரத்தில் மூன்று பேரிடம் முழுத் தொகை வாங்குகிறவர்கள் உண்டு. தேதியைப் பாருங்கள்.

பொண்ணு தனியா திருச்சியில இருந்து வரா. நம்பி அனுப்பலாமா?

அனுப்பலாம், பகலில். வண்டி நம்பர், டிரைவர் பெயர், போட்டோ மூன்றும் முன்பே வாங்குங்கள். வாசலுக்கு வந்த வண்டியின் நம்பர் வேறாக இருந்தால் ஏற வேண்டாம், முதலில் ஆபீசுக்குப் போன். எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் அது டாக்சிதானா, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று தெரியும். லொகேஷனை வீட்டுக்குப் பகிரட்டும். "கிளம்பிட்டேன்பா, நம்பர் அனுப்பியிருக்கேன்" என்று டிரைவர் காதில் விழும்படி ஒரு போன் பேசட்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

வழியில வண்டி நின்னுட்டா? பாதி வழிக்கு முழுக் காசா?

ஓடிய தூரத்துக்கு மட்டும் கொடுங்கள். மாற்று வண்டி அனுப்புவது டிராவல்ஸின் பொறுப்பு, அதற்காக வரும் காலி தூரமும் அவர்களுடையது. புக் பண்ணும்போதே இதைக் கேளுங்கள்; ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவரால் மாற்று அனுப்ப முடியாது, அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அடித்தால் உதவி வண்டி வரும், டோல் கட்டுபவர்களுக்கான சேவை அது. யாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், ராத்திரி என்றால் கட்டாயம்.

முழுப் பணத்தையும் முன்னாடியே ஜிபேல போடச் சொல்றாங்க.

போடாதீர்கள். 500, 1,000 அட்வான்ஸ் கேட்பது நியாயம். முழுத் தொகை கேட்கும் புது நம்பரை நம்ப வேண்டாம். பணம் திருப்பித் தருகிறோம், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்றால் அது திருட்டு. பணம் வாங்க பின் தேவையே இல்லை. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள்களில் மட்டும் அட்வான்ஸ் கொஞ்சம் கூடும், விலையும் கூடும். எல்லோரும் தெற்கே போகும்போது திரும்பி வர ஆள் இருக்காது, டிரைவர் காலியாகத்தான் வர வேண்டும்.

மதுரைக்கு ஒன்வேலதான் போறோம். வழியில மேல்மருவத்தூர், ஸ்ரீரங்கம் ரெண்டும் பார்த்துட்டுப் போகலாமா?

மேல்மருவத்தூர் சாலையோரம், அதனால் தூரம் கூடாது. நின்ற நேரத்துக்கு வெயிட்டிங் மட்டும். ஸ்ரீரங்கத்துக்குச் சாலையை விட்டு உள்ளே போய் வர வேண்டும், அந்தக் கிலோமீட்டரும் சேரும். கூட்ட நாளில் தரிசனம் மூன்று மணி நேரம் ஆகிவிடும். டிரைவருக்கு மதுரையில் திரும்பும் சவாரி பேசியிருந்தால் அது போய்விடும். அதனால் கோயில் வாசலில் வைத்துச் சொல்லாமல், முதல் கேள்வியில் சொன்ன மாதிரி புக் பண்ணும்போதே சொல்லுங்கள். முதலிலேயே தெரிந்தால் நானே அன்றைக்குத் திரும்பும் சவாரி போடாமல், அங்கேயே தங்கி வரக்கூடிய டிரைவரை அனுப்புவேன்.